பெற்றோரின் சொந்த எண்

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

மாலை 4.10க்கு எங்கள் பள்ளியில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி எந்த இணைய விண்ணப்பத்திலும் ‘தொடர்பு எண்’ என்ற கட்டத்தில் ஆசிரியரின் எண் இடம்பெறாது. பெற்றோரின் சொந்த எண் மட்டுமே. நாற்பது நிமிட விவாதம். மூன்று பேர் ஆதரித்துப் பேசினார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் த.ஆ. (தலைமையாசிரியர்) தானே எதிர்த்துப் பேசி, தானே பதிலும் சொன்னார். தீர்மானம் பச்சை மையில். அனைவரும் கையெழுத்து. நான் ஏழாவது. பிறகு உளுந்த வடை, ஆளுக்கு ஒன்று.

காரணம் நான்தான். போன வருடம் ஓவியப் போட்டிக்கு ஐந்து பிள்ளைகளுக்கும் என் எண்ணைக் கொடுத்திருந்தேன். ஒரே வகுப்பில், ஒரே வயதில் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய் என்று சந்தேகப்பட்டு இணையதளம் என்னை முடக்கிவிட்டது. இன்னும் திறக்கவில்லை.

த.ஆ.: “நாம ஒரு சிஸ்டத்துக்கு வந்துட்டோம் டீச்சர்.”

வந்துவிட்டோம்.

முடிவுக்கு உடனடி வேலையும் இருந்தது. புதுச் சுற்றறிக்கை. அரையாண்டு விடுமுறையில் மாணவர்களுக்கு விண்வெளி அறிவியல் முகாம், ஐந்து நாள், தங்கிப் படிப்பது. ஒன்பதாம் வகுப்பு மட்டும். மாவட்டத்துக்கு ஒருவர். ராக்கெட் விடும் இடத்தையும் காட்டுவார்கள். ஆசிரியர்களுக்கு முகாம் கிடையாது. மூன்று நாள் இணையவழிப் பயிற்சியும் மின்சான்றிதழும். என்னிடம் ஏற்கனவே பதினான்கு மின்சான்றிதழ்கள் உள்ளன. ஒன்றில் என் பெயர்கூடச் சரியாக இருக்கிறது.

வேண்டியவை: ஆதார் நகல், புகைப்படம், படிப்புச் சான்று, தன் கையால் எழுதிய கட்டுரை, பெற்றோரின் சொந்த எண். கடைசி நாள் 19, மாலை 5 மணி.

கால் மூட்டு வலி. இடது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். முகாமுக்கு யார் வருகிறீர்கள்? ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே. கடைசி பெஞ்சில் மணிகண்டன் பக்கத்தில் இருப்பவனிடம்: “ஏலே, ஏரோபிளேன்ல கூட்டிட்டுப் போவாகளாலே?” கட்டுரையைத் தானே எழுத வேண்டும், செல்போனில் பார்த்து எழுதக் கூடாது என்றேன். மூன்று கைகள் மிஞ்சின.

மணிகண்டன் மதியம் வந்து கையை இறக்கிக்கொண்டான். அந்த லீவில் சபரிமலைக்கு மாலை போடுகிறானாம். விண்வெளியும் விரதமும் ஒரே வாரத்தில் வந்தால் எது ஜெயிக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இன்னொரு பெண்ணை வெளியூரில் தங்க விடமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரே ஆள்: முத்துச்செல்வி.

செல்வி பற்றி: பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்டு அதைக் கெடுப்பவள். அம்மா பேச்சியம்மாள், இங்கிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. அப்பா இல்லை. எப்படி என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

பஸ்ஸில் திருத்தங்கல் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் இவர், என் வீட்டுக்காரர், அச்சகத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் பிழைதிருத்தும் பிரதி கொண்டுவந்திருக்கிறார். அடுத்த வருட நாள்காட்டி, தினமும் கிழிக்கும் தாள். கிறிஸ்தவரான இவர் ராகு காலம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஆகஸ்ட் வரைக்கும் வாழ்ந்து முடிச்சிட்டேன்” என்றார். “எப்படி இருந்துச்சு?” என்றேன். “ரெண்டு எமகண்டம் விட்டுப்போச்சு.”

செப்டம்பர் 12, வெள்ளி

செல்வி கட்டுரை கொடுத்தாள். தலைப்பு அவர்கள் கொடுத்தது: ‘எனக்கு விண்வெளி ஏன் பிடிக்கும்?’ இத்தனை வருடத்தில் நான் படித்த இப்படிப்பட்ட கட்டுரைகள் எல்லாம் ‘சிறு வயதிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்ப்பேன்’ என்று தொடங்கும். கழுத்து வலி வந்த தலைமுறை. இவள் எழுதியிருப்பதை இங்கே எடுத்து வைக்கிறேன். காகிதம் அலுவலகத்தில் தொலைந்துபோகலாம்.

‘நட்சத்திரத்துக்கு யாரும் போனதில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அதன் வெளிச்சத்தின் நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு இது ஆச்சரியம். எனக்கு இல்லை. நான் அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்குள் போனதில்லை. ஆனால் இன்று அம்மா எந்த ரூமில் இருந்தாள் என்று சாயங்காலம் அவள் கையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். வெள்ளி என்றால் அலுமினியப் பொடி. மஞ்சள் என்றால் கந்தகம். கறுப்பு என்றால் கரித்தூள். தீபாவளி அன்று வானத்தைப் பார்த்தும் சொல்வேன். சிவப்பு ஸ்ட்ரான்சியம், மஞ்சள் சோடியம். நட்சத்திரமும் அப்படித்தான். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்த வெளிச்சம் கிளம்பி இங்கே வந்து சேர ரொம்ப வருடம் ஆகிறது. வெளிச்சம் வந்துவிட்டது, சரி. ஆனால் இந்த நிமிடம் அந்த நட்சத்திரம் அங்கே இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை அங்கே உள்ளவர்களிடம் கேட்க வேண்டும்.’

ஒற்றுப்பிழை நான்கு. திருத்தவில்லை.

அந்தக் கடைசிக் கேள்வியை என்னிடமும் கேட்டாள். “தெரிஞ்சுக்க முடியாது. காத்திருக்கணும்” என்றேன்.

“அம்புட்டுதானா டீச்சர்?”

“அம்புட்டுதான்.”

“அங்கன இருக்கவுகளுக்கு வேற ஏதாவது தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மேல் நம்பிக்கை இல்லை. நியாயம்தான்.

காலாண்டுத் தேர்வு வினாத்தாள் கட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன், எட்டாம் வகுப்புக்கு மூன்று குறைவு.

செப்டம்பர் 16, செவ்வாய்

தேர்வு காலை மட்டும். மதியம் கணினி அறை. சாவி த.ஆ.விடம், த.ஆ. வங்கியில். 2.15க்குச் சாவி.

இணையதளம் காலை 10 முதல் மாலை 5 வரைதான் விண்ணப்பம் வாங்குமாம், வேலைநாட்களில் மட்டும். விண்வெளிக்கு அலுவலக நேரம் உண்டு என்பது இன்று தெரிந்தது.

எல்லாம் நிரப்பினேன். பெற்றோரின் சொந்த எண்: பேச்சியம்மாளுடையது. பொத்தானை அமுக்கினால் அந்த எண்ணுக்கு ஓடிபி போகும், பத்து நிமிடத்துக்குள் இங்கே அடிக்க வேண்டும். அமுக்கிவிட்டுச் செல்வியைப் பார்த்தேன்.

“அம்மா போன் எங்க?”

“கேட்டுல டீச்சர்.”

மறந்துபோயிருந்தேன். இருபத்தாறு வருடம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அது தெரியாமல் இல்லை. பட்டாசு ஆலைக்குள் செல்போன் போகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பலகைத் தட்டில் வரிசையாக வைத்திருப்பார். எட்டு மணிக்குக் கொடுத்தால் ஐந்தரைக்குத் திரும்பக் கிடைக்கும். அதாவது இணையதளம் தூங்கப் போன அரைமணி நேரம் கழித்து.

செல்வி: “டீச்சர், நிலாவுக்குப் போறவுகளும் போனைக் கேட்டுல குடுத்துட்டுத்தான் போவாகளா?”

“பேசாம இரு.”

பத்து நிமிடம் முடிந்தது. திரை வெள்ளை.

“ஒரு நாளைக்கு அம்மா போனை உன்கிட்டக் குடுத்துட்டுப் போகலாமே?”

அவள் என்னைப் பார்த்த விதம், விரலைத் தீயில் வைக்கச் சொன்ன மாதிரி. “சத்தம் கேட்டா எங்க அடிக்கது?”

அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் உடனே போன் அடிப்பார்கள். போன் கேட்டில் அடிக்கும். வாட்ச்மேன் எடுத்து, நம்ம ஆலை இல்லை என்று சொல்லிவிட்டு வைப்பார். அதைக் கேட்டால்தான் இங்கே மூச்சு வரும்.

“ராசு அண்ணாச்சி எடுப்பாரு டீச்சர். ஆனா பேச விடமாட்டாரு.”

நாளை.

செப்டம்பர் 17, புதன்

வெற்றி. இப்படித்தான்:

2.30. ஓடிபிக்கு அமுக்கிவிட்டு உடனே பேச்சியம்மாளின் எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார் ராசு அண்ணாச்சி.

“ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காக. வைங்க.”

வைத்துவிட்டார்.

மறுபடி.

“ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காக. வைங்க.”

மூன்றாவது முறை, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால்: “அண்ணாச்சி, வைக்காதீக! பள்ளிக்கூடத்துல இருந்து டீச்சர் பேசுறேன். சத்தம் எதுவும் கேக்கல.”

“சத்தம் கேக்கலையா? பெறகு எதுக்கு போன் அடிக்கீக?”

பதில் சொல்ல நேரமில்லை. மீதி ஆறு நிமிடம். “அந்தப் போன்ல இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு எண் இருக்கும். வாசிங்க.”

“கண்ணாடி சைக்கிள் பையில இருக்கு டீச்சர்.”

“எடுத்துட்டு வாங்க.”

“நான் எந்திச்சுப் போனா கேட்டை யாரு பாக்கது?”

செல்வி என் காதருகே வந்து கத்தினாள்: “அண்ணாச்சி, நான் செல்வி! ஓடுங்க!”

ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது. மீதி மூன்று நிமிடம். திரும்பி வந்து மூச்சிரைக்க வாசித்தார். “ஏழு... ஒண்ணு... நாலு... நாலு... ரெண்டு... கடைசி மூணா எட்டா தெரியலையே.”

“நல்லா பாருங்க.”

“மூணுன்னே வச்சுக்கிடுவோம்.”

மூன்று இல்லை. எட்டு. நாற்பது நொடி மீதி இருக்கையில் திரையில் பச்சை நிறத்தில் வாழ்த்துச் செய்தி.

“எதுக்கு டீச்சர் இதெல்லாம்?” என்றார் ராசு அண்ணாச்சி, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே.

“செல்வி ராக்கெட் விடுற இடத்தைப் பாக்கப் போறதுக்கு.”

“போகட்டும், போகட்டும். நல்ல பிள்ள. சத்தம் கேட்டா மொத ஆளா அவதான் அடிப்பா.”

மூட்டு வலி இன்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

செப்டம்பர் 24, புதன்

ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி, இரண்டாம் நாள். கருத்துப் பெட்டி முழுக்க ‘வணக்கம் சார்’, ‘ஆடியோ இல்லை சார்’, ‘சான்றிதழ் எப்போது சார்’. பேசியவர் இளைஞர், நன்றாகத்தான் பேசினார். கோள்களின் இயக்கத்தை விளக்க உங்கள் பள்ளிக் கோளரங்கத்தைப் பயன்படுத்துங்கள் என்றார். எங்கள் பள்ளியில் ஒரு உலக உருண்டை இருக்கிறது. தென் அமெரிக்கா உதிர்ந்துவிட்டது.

கேள்வி நேரத்தில் செல்வியின் கேள்வியைத் தட்டச்சு செய்தேன். இந்த நிமிடம் அந்த நட்சத்திரம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ‘மிக நல்ல கேள்வி, முகாமில் விரிவாகப் பேசுவோம்’ என்று பதில்.

சான்றிதழ் மாலையே வந்துவிட்டது. பயிற்சி நாளைதான் முடிகிறது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

விடுமுறை. மேகம், மழை இல்லை.

செல்வி தேர்வாகிவிட்டாள். செய்தி ஞாயிறு அன்றே பேச்சியம்மாளின் போனுக்கு வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். கம்பெனி வேன் டிரைவரிடம் காட்டியிருக்கிறார். லோன் தருகிறோம் என்று வருகிற விளம்பரம், அழித்துவிடுங்கள் என்றாராம். நல்லவேளை, பேச்சியம்மாளுக்கு அழிக்கத் தெரியாது. நேற்று ராத்திரி செல்வி பார்த்துவிட்டு எனக்கு அடித்தாள். பேசவில்லை, வெறும் சிரிப்பு. அரை நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று போனேன். ஆலையில் பூசை போட்டு மதியமே அனுப்பிவிட்டார்கள். பொரிகடலையும் சர்க்கரையும் கொடுத்தார் பேச்சியம்மாள். கை கழுவியிருந்தார், ஆனாலும் நகக்கண்ணில் வெள்ளி.

“ராக்கெட் விடுத இடத்துல வெடிமருந்து இருக்கும்ல டீச்சர்? எங்கன வச்சிருப்பாக?”

“தனியா, தூரத்துல வச்சிருப்பாங்க.”

“எம்புட்டு தூரம்? ஷெட்டுக்கு எத்தன வாசல்? பிள்ளைகளைப் பக்கத்துல விட்ருவாகளா?”

முகாம் பற்றிப் பயிற்சியில் எத்தனையோ ஆசிரியர்கள் கேள்வி கேட்டார்கள். வாசல் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு சங்கதிக்கு வந்தேன். 6ஆம் தேதி முதல் 10ஆம் தேதி வரை, காலை 10 முதல் மாலை 5க்குள், முகாமிலிருந்து பதிவு செய்த எண்ணில் அழைப்பார்கள். பெற்றோர் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு முறைதான் பேசுவார்கள், அதுவும் ஆங்கிலத்தில். எண்ணை மாற்ற முடியாது. நானும் முயன்று பார்த்தேன், இணையதளம் விடவில்லை. த.ஆ.விடமும் கேட்டேன். அவர் தீர்மானத்தை நினைவூட்டினார்.

“அந்த ஒரு வாரம் போனை எங்கிட்டக் குடுங்க பேச்சியம்மா. நான் எடுத்துப் பேசிருதேன்.”

அவர் கடலையைப் புடைப்பதை நிறுத்தவில்லை. “நீங்க படிச்சவுக. போன் இல்லாம இருன்னு சொல்றீக. நான் இருந்துருவேன் டீச்சர். இவ இருக்க மாட்டா.”

செல்வி சுவரைப் பார்த்தாள்.

“போன மாசி மாசம் பக்கத்துல ஒரு சத்தம். எங்க கம்பெனி இல்ல. கேட்டுல எல்லா போனும் ஒண்ணா அடிக்குது, இவளுக்கு லைன் கிடைக்கல. பள்ளிக்கூடத்துல இருந்து நாலு கிலோமீட்டர் நடந்தே வந்து கேட்டுல நிக்கா.”

“நடக்கல. ஓடுனேன்” என்றாள் செல்வி.

அன்று நான் மதுரையில் இருந்திருக்கிறேன். பயிற்சி. பேரிடர் மேலாண்மை.

“சீசன்ல லீவும் போட முடியாது டீச்சர். ஒரு நாள் வரலைன்னா மறுநாள் என் எடத்துல வேற ஆள் உக்காந்துருக்கும். தீபாவளி முடியட்டும், எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க இவள.”

முகாம் தீபாவளிக்கு அப்புறம்தான். போன் தீபாவளிக்கு முன்னால் வரும்.

கடைசியில் செல்வி சொன்னாள்: “ராசு அண்ணாச்சிகிட்டச் சொல்லி வைப்போம் டீச்சர். இங்கிலீசுல பேசுனா அம்மாவக் கூப்பிடச் சொல்லி.”

அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

அக்டோபர் 4, சனி

மினி பஸ், பிறகு நடை. ஆலை வாசலில் ராசு அண்ணாச்சியைச் சந்தித்தேன். குரலை வைத்துப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லி. காதில் பென்சில்.

பலகைத் தட்டு, நாலு அடுக்கு. ஒவ்வொரு போனுக்கும் ஒரு குழி, குழிக்கு ஒரு எண். தபால் நிலையம் மாதிரி ஒழுங்கு. எங்கள் பள்ளி அலுவலகம் இப்படி இருந்ததில்லை.

“எழுதிக் குடுங்க டீச்சர். வாயால சொன்னா மறந்துருவேன்.”

எழுதினேன்: ‘இந்தப் போன் அடித்தால், ஆங்கிலத்தில் பேசினால், உடனே 14ஆம் ஷெட் பேச்சியம்மாளைக் கூப்பிடவும். 6 முதல் 10 வரை.’ பேச்சியம்மாளின் குழிக்கு மேலே பசை தடவி ஒட்டினார். லேபிள் ஒட்டுகிற பசை, அசையாது.

“செல்வி சங்கதிதான?”

“ஆமா.”

“அப்ப என் பொறுப்பு. ஷெட்டுக்கு ஆள் அனுப்பி அவுக வந்து சேர மூணு நிமிசம். அதுவரைக்கும் அந்தப் பேசுற ஆளைப் பிடிச்சு வச்சுக்கிடுதேன். எனக்கும் ‘வெயிட், வெயிட்’ தெரியும்.”

டீ வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பன்னும்.

இவர் டிசம்பருக்கு வந்துவிட்டார். அடுத்த வருடம் முடிந்துவிட்டது. கண் எரிகிறதாம்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. வெயில், புழுக்கம்.

2.45 இருக்கும். ஒன்பதாம் வகுப்பு, ஒளிவிலகல். கண்ணாடி டம்ளரில் பென்சிலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது.

ஒரு பிள்ளையும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள், சத்தம் வந்த பக்கம். பிறகு காத்திருந்தார்கள். இரண்டாவது சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்தார்கள்.

த.ஆ. அலுவலகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். தீர்மானம் எதுவும் நிறைவேற்றாமல் எல்லா ஆசிரியர்களும் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வராந்தாவில் வரிசை. ஒருவரும் இடிக்கவில்லை.

செல்வி என் போனை வாங்கி எண்ணைப் பார்க்காமலே அடித்தாள்.

“டீச்சர், பிஸின்னு வருது.”

மறுபடி.

“பிஸி.”

நான் கிழக்கே பார்த்தேன். புகை தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதையும் நானே பாடத்தில் சொல்லியிருக்கிறேன்.

செல்வி வாசலைப் பார்த்தாள். ஓடப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “இன்னொரு தடவை அடி.”

எடுத்தார். எனக்கே கேட்டது.

“ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்காக. வைங்க.”

செல்வி போனைப் பாவாடையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே வராந்தாவில் உட்கார்ந்தாள். “நல்லா இருக்காக டீச்சர்” என்றாள், எனக்குத்தான் ஆறுதல் சொல்வதுபோல.

3.15க்குத் தகவல்: கல் குவாரி. நேரம் தவறி வைத்த வெடி. யாருக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிக்கு ஓடி வந்த இரண்டு தாத்தாக்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். பென்சிலும் டம்ளரும் அப்படியே இருந்தன. பாடத்தைத் தொடரவில்லை, விளையாட அனுப்பிவிட்டேன்.

என் போனில் பதிவு: 2.52, 2.53, 2.54. மூன்று அழைப்பு. மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

முகாமிலிருந்து அழைப்பு வந்ததாகத் தகவல் இல்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நாளை காலை இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

வாங்க: மூட்டுவலித் தைலம், வெள்ளைத் தாள், இவருக்குக் கண் சொட்டு மருந்து.

அக்டோபர் 7, செவ்வாய்

தூறல். புழுதி அடங்கியது.

10 மணிக்குக் கணினி அறை. சாவி இன்று த.ஆ.வே கொண்டுவந்து கொடுத்தார். செல்வியும் வந்தாள், நல்ல உற்சாகம். வலைத்தளம் திறக்கும் வரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நேற்றைய கதையைச் சொன்னாள். அம்மா சொன்னதாம்.

“ராசு அண்ணாச்சிக்குத் தொண்டையே போச்சு டீச்சர். தட்டுல இருக்க அம்புட்டுப் போனும் ஒண்ணா அடிச்சிருக்கு. ரெண்டு கையிலயும் ரெண்டு போனு. ஒண்ணுல சொல்லி வைக்க முன்னாடி அடுத்தது. எது யாரு போனுன்னு பாக்க நேரமில்ல. ‘ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லா இருக்காக, வைங்க.’ ‘ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லா இருக்காக, வைங்க.’ மந்திரம் மாதிரி!”

அவரைப் போலவே பேசிக் காட்டினாள். சிரித்தேன்.

“ஒரு போன்ல ஒரு பொம்பளை இங்கிலீசுல ‘குட் ஆஃப்டர்நூன் மேடம்’னுச்சாம். அதுக்கும் அதையே சொல்லி வச்சுட்டாராம். பெறகு எங்கம்மாகிட்டச் சொல்லிருக்காரு, ‘பாவம், அந்தம்மாவுக்கும் வேண்டியவுக யாரோ இங்கன வேலை பாக்காக போல, அம்புட்டுத் தூரத்துல இருந்து பதறிப்போய் அடிச்சிருக்கு’ன்னு.”

வட்டம் நின்றது. பக்கம் திறந்தது. செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று, வகுப்பில் வாசிப்பது போலச் சத்தமாக வாசித்தாள்:

“முத்துச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு. பெற்றோரிடம் பேசப்பட்டது, அக்டோபர் 6, பிற்பகல் 2.52. விருப்பமில்லை. இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது.”